ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதுமா? பாரிட் புந்தார் கிறிஸ்துவக் குடும்பங்களும் பிள்ளைகளின் இறைநம்பிக்கையும்

பாரிட் புந்தார்: ஒரு வாரத்தில் 168 மணி நேரம். அதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு மணி நேரம், திருப்பலிக்கோ ஆராதனைக்கோ இன்னொரு மணி நேரம். ஆண்டுக்கு 40 வகுப்புகள் தவறாமல் நடந்தாலும் மொத்தம் 40 மணி நேரம்தான். முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒரு பிள்ளையின் இறைநம்பிக்கையை இந்த 40 மணி நேரத்திடம் ஒப்படைத்துவிட்டு, மீதி நேரத்தில் வீடு என்ன செய்கிறது என்பதுதான் கிரியான் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்துவர்கள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

இதைக் கேட்டவுடன் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. "அந்தக் காலத்தில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஜெபமாலை சொல்லாமல் சாப்பாடு கிடையாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சாயங்காலம் எப்படிக் கிடைத்தது, இப்போது எங்கே போனது என்று பார்க்காமல் இளம் பெற்றோர் மீது பழி போடுவது நியாயமாகாது.

வயலும் தோட்டமும் கொடுத்த துணை

கிரியான் மாவட்டத்தில் தமிழ்க் கிறிஸ்துவம் நேற்று வந்ததல்ல. ரப்பருக்கு முன்பே இங்கே கரும்பு இருந்தது. குலா போன்ற இடங்களின் கரும்புத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். 1880களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு குரு, பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக ஒரு குடியிருப்பை உருவாக்கினார். தோட்டத்துக் கூலியாக இல்லாமல், நிலத்தில் நெல் பயிரிட்டு, ஆலயத்தைச் சுற்றி ஊராக வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். ஃபே பின்னர் 1896இல் மலாக்கா ஆயரானார். 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறிய பிறகு, இந்த வட்டாரம் நாட்டின் முக்கிய நெல் விளையும் பகுதிகளில் ஒன்றானது.

வயலோரக் குடியிருப்பானாலும் தோட்டத்து லயமானாலும் ஒன்று பொதுவாக இருந்தது. பிள்ளையை வளர்த்தது பெற்றோர் இருவர் மட்டுமல்ல. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும், எதிர் வீட்டு மாமாவும், ஊருக்கு ஊர் நடந்து வரும் உபதேசியாரும் சேர்ந்து வளர்த்தார்கள். ஃபாதர் எப்போதாவது ஒருமுறை வருவார். மற்ற நாள்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் உபதேசியார்; அதைச் சொல்லிக் கேட்டவர் பாட்டி. கிறிஸ்துமஸ் குடிலும் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையும் லயம் முழுவதற்கும் சொந்தமான காரியங்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆலயத்துப் பிள்ளைகளும் போவார்கள். ஆலயத் தேருக்குக் கோயில் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புக்கு விற்கப்பட்டன. 1980 தொடங்கி இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேறியதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இடப்பெயர்வைப் பற்றிப் பேசும்போது நாம் வீட்டையும் வேலையையும் பற்றிப் பேசினோம். கோயில்கள் உடைபட்டதைப் பற்றியும் பேசினோம். அந்த லயத்து வாழ்க்கை பிள்ளை வளர்ப்பில் கொடுத்த துணை போய்விட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. தாமானில் வரிசை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் குடும்பத்தில், முன்பு பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட வேலை இப்போது இரண்டு பேர் தலையில் விழுந்திருக்கிறது. அந்த இருவரும் காலையில் வேலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறவர்கள்.

ஆலயக் கதவு மூடிய இரண்டு காலங்கள்

வீடு எவ்வளவு முக்கியம் என்பதைத் தீபகற்ப மலேசியத் திருச்சபை இரண்டு முறை நேரடியாகப் பார்த்திருக்கிறது.

முதலாவது 1976. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்களை உள்வாங்கிக்கொள்ள, தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் ஏறக்குறைய ஒரு மாதம் ஒன்றாகக் கூடினார்கள். அந்த நாள்களில் பங்குகளில் குருக்கள் இல்லை. மக்களே வழிபாட்டை நடத்திக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் பி.இ.சி என்று இன்று எல்லாரும் அழைக்கும் அடிப்படைத் திருச்சபைச் சமூகம். தமிழகத்தில் அதற்கு அன்பியம் என்று பெயர். பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி வேதத்தை வாசித்து, ஒருவர் தேவையை ஒருவர் கவனித்துக்கொள்வது அதன் வழக்கம்.

இரண்டாவது 2020. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஏப்ரல் 12ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழாவை வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். ஆலயங்கள் படிப்படியாகத் திறந்தபோதும் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் நீண்ட காலம் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி என்று பல வீடுகளில் ஒரு சின்ன பீடம் உருவானது. அந்தக் காலத்தில் புதுநன்மைக்குத் தயாராக வேண்டிய பிள்ளைகளுக்குப் பாடம் கணினித் திரை வழியாகவும் புலனம் வழியாகவும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர்கள் பெற்றோர்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். 1976இல் குரு இல்லாதபோது அக்கம்பக்கத்தார் கூடினார்கள். 2020இல் அக்கம்பக்கத்தாரும் கூட முடியவில்லை. குடும்பம் மட்டும் மிஞ்சியது. ஏற்கெனவே வீட்டில் ஜெபப் பழக்கம் இருந்த குடும்பங்கள் ஆலயம் மூடிய பிறகும் தொடர்ந்தன. எல்லாவற்றையும் ஆலயத்திடம் விட்டிருந்த குடும்பங்களுக்குத் தொடங்குவதற்கே வழி தெரியவில்லை. தொற்று ஓய்ந்த பிறகு அந்த மேசை எத்தனை வீடுகளில் அப்படியே இருக்கிறது, எத்தனை வீடுகளில் பள்ளிப் புத்தகம் வைக்கும் இடமாகிவிட்டது என்று ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

1976இன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 2026இல் பினாங்கில் மலேசிய மேய்ப்புப்பணி மாநாட்டுக்கு நாட்டின் ஆயர்கள் அழைப்பு விடுத்தனர். அதற்கென எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு பொருள்களில் ஒன்று குடும்பம். மற்றவை திருச்சபை, சமுதாயம், சுற்றுச்சூழல். மாநாட்டுத் தீர்மானங்கள் பினாங்கில் எழுதப்படலாம். அவை பலிக்குமா என்பது பாரிட் புந்தார் போன்ற சிறு நகரத்துத் தாமான் வீடுகளில்தான் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஞாயிறு வேலை நாள்

பாரிட் புந்தார் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. கிரியான் ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. சற்றுத் தள்ளிப் பினாங்கின் நிபோங் திபால். மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சிக்கல் இதனால் இங்கே உண்டு. பேராக்கிலும் பினாங்கிலும் சனியும் ஞாயிறும் வார விடுமுறை. கெடாவில் வெள்ளியும் சனியும்.

அம்மா கெடாவில் அரசாங்க ஆசிரியர், அப்பா பினாங்கில் ஆலைத் தொழிலாளி, பிள்ளைகள் பேராக்கில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வகுப்பறையில் நிற்க வேண்டும். அப்பாவுக்கு அன்று வேலை முறை இருந்தால், பிள்ளைகளை ஆலயத்துக்கு அழைத்துப் போக ஆள் இல்லை. நால்வரும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஞாயிறு அந்தக் குடும்பத்துக்கு மாதத்தில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது; பத்து காவான் தொழிற்பேட்டை வளர்ந்தது. பிறை, பத்து காவான், பாயான் லெப்பாஸ் ஆலைகளின் வேலை கிரியான் மக்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. வருமானம் கூடியது நல்லதே. ஆனால் 12 மணி நேர வேலை முறையும் ஆலைப் பேருந்தும் குடும்பத்தின் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டன. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் வார வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணி நேரமாகக் குறைத்தது. இன்னொரு வசதியையும் கொடுத்தது. வேலை நேரத்தையோ நாளையோ மாற்றிக் கேட்டுத் தொழிலாளி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆனாலும் கேட்பதற்கு வழி இருக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தகுந்த தகவல் இது.

ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடே ஆலை வேலையில் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் என்ற பத்திரிகையாளர் அதைத் தொடங்கினார். வாரம் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அதனால் அன்று எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தார். மக்களுக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாளில் பாடம் என்பதுதான் அதன் அடிப்படை. கத்தோலிக்கச் சட்டமும் சனிக்கிழமை மாலைத் திருப்பலியை ஞாயிறு கடமையாக ஏற்கிறது. அப்படியிருக்க, மறைக்கல்வி மட்டும் ஞாயிறு காலையை விட்டு நகரக் கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. மூன்று மாநில விடுமுறைக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை. கிரியான் வட்டாரத்துக்குப் பொருந்தும் நாளும் அதுவே.

எந்த மொழியில் ஜெபிப்பது?

அடுத்தது மொழி. தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளை தமிழ் ஜெபப் புத்தகத்தை வாசிக்கும். தேசியப்பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ போகும் பிள்ளைக்குத் தமிழ் பேசத் தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாமல் போகலாம். ஆலயத் திரையில் தமிழ்ப் பாடலை ரோமன் எழுத்தில் காட்டும் வழக்கம் இதனால்தான் வந்தது. அந்தப் பிள்ளைக்கு மறைக்கல்வி ஆங்கிலத்தில், பாட்டியின் ஜெபம் தமிழில், பள்ளி மலாயில். ஒரே கடவுளிடம் மூன்று மொழியில் பேசுவதில் தவறு இல்லை. ஆனால் பாட்டி சொல்லும் ஜெபம் பேரனுக்குப் புரியாமல், பேரன் படிக்கும் பாடம் பாட்டிக்குப் புரியாமல் போனால், வீட்டுக்குள் நம்பிக்கையைக் கைமாற்றும் வழி அடைபட்டுப் போகும்.

தமிழுக்குள்ளேயே இன்னொரு இடைவெளி உண்டு. சீர்திருத்தச் சபைகளில் பரிசுத்த வேதாகமம், கர்த்தர், ஜெபம். கத்தோலிக்கர்களிடம் திருவிவிலியம், ஆண்டவர், செபம். 1995இல் இரு தரப்பும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு இந்த இடைவெளியைக் குறைக்க வந்தது. கத்தோலிக்கர்கள் ஏற்ற அளவுக்கு மற்றச் சபைகளில் அது வேரூன்றவில்லை. மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தகோஸ்தே, கத்தோலிக்கம் என்று ஒரே குடும்பத்திலேயே பெரியப்பா ஒரு சபை, சித்தப்பா ஒரு சபை என்பது நம்மிடம் சாதாரணம். கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் லுத்தரனும் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெந்தகோஸ்தே சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்வார்கள். ஞானஸ்நானம் வளர்ந்த பிறகு. உறவினர் கூடும் இடத்தில் இதைப் பற்றிப் பெரியவர்கள் வாதாடும்போது, பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. வாதத்தின் நுணுக்கம் அதற்குப் புரியாது. சாமி என்றால் சண்டை என்பது மட்டும் புரியும்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு பழைய பலம் உண்டு. அது பாட்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சியையும் நொண்டி நாடகத்தையும் எடுத்து அவற்றில் வேதக் கதையை வைத்தார். படிக்கத் தெரியாதவருக்கும் கேட்டு மனப்பாடம் ஆகட்டும் என்பது அதன் பயன். ரோமன் எழுத்தைப் பார்த்து வாசிக்கும் பிள்ளை, காரில் அம்மாவோடு பத்து முறை பாடினால் அந்தப் பாட்டு எழுத்தில்லாமலே மனத்தில் நிற்கும். வாசிப்பை இழந்த மொழிக்குப் பாட்டு ஒரு தற்காலிகப் பாலம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் தமிழ் எழுத்தையும் ஆலயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ரைக்ஸ் செய்ததும் அதைத்தான்.

அப்பா எங்கே?

மறைக்கல்வி வகுப்பில் ஆசிரியர்களைப் பாருங்கள், பெரும்பாலும் பெண்கள். இரவு ஜெபம் சொல்லிக் கொடுப்பவர் யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அம்மா, அல்லது பாட்டி. அப்பா பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விடுகிறார் என்பது நம் ஆலயங்களில் பழைய நகைச்சுவை. அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல.

அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970இல் தொடங்கி நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 3,500க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். நம்பிக்கை எந்தக் குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பது அவருடைய கேள்வி. 2013இல் வந்த அவருடைய நூலின் முக்கிய முடிவு இதுதான்: பெற்றோர் எவ்வளவு கண்டிப்பாகச் சமயத்தைப் போதித்தார்கள் என்பதைவிட, பிள்ளையோடு எவ்வளவு அன்பாக இருந்தார்கள் என்பது முக்கியம்; குறிப்பாக அப்பாவின் நெருக்கம். சமயப்பற்று மிகுந்த அப்பாவாக இருந்தாலும் பிள்ளையிடம் கடுமையாகவும் தூரமாகவும் இருந்தால், அவருடைய நம்பிக்கை பிள்ளையிடம் போய்ச் சேருவது குறைவு.

அமெரிக்க ஆய்வு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பிரம்பைக் காட்டி ஜெபம் சொல்ல வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இதைப் படித்துத் தங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

தமிழ் இலக்கியத்தில் இதற்கு ஓர் அழகான முன்னுதாரணம் இருக்கிறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அந்தக் காப்பியத்தின் தலைவன் வளன், அதாவது யோசேப்பு. நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. தச்சு வேலை செய்தார். ஆபத்து வந்தபோது குழந்தையையும் தாயையும் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக அந்நிய நாட்டுக்குப் போனார். ஆண்டுதோறும் குடும்பத்தோடு எருசலேம் திருவிழாவுக்குப் போனார். அவ்வளவுதான். போதிக்கத் தெரியாத, வேலைக்குப் போய் வருகிற ஓர் அப்பாவைத்தான் தமிழ்க் கிறிஸ்துவத்தின் பெருங்காப்பியம் தலைவனாக வைத்திருக்கிறது. "எனக்கு வேதம் தெரியாது, அம்மாவைக் கேள்" என்று ஒதுங்கும் அப்பாக்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

தூங்கப் போகும் பிள்ளையின் நெற்றியில் விரலால் சிலுவை அடையாளம் போட வேதக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. இரவு வேலைக்குப் போகும் அப்பா, வீட்டை விட்டுப் புறப்படும்போது அதைச் செய்யலாம். பத்து வினாடி போதும்.

மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னாவின் பழக்கமும் இதே வகைதான். பெரிய குடும்பம், வறுமை, ஓயாத வேலை. அதற்கு நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையைத் தனியாக ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமையை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தாத்தா பாட்டி என்னும் உபதேசியார்

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் உண்மையில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும். இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே அதற்கான பெரிய அடையாளம் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயம், இயேசுவின் பாட்டிக்கு எடுத்த ஆலயம். ஜூலை 26ஆம் தேதித் திருவிழாவுக்குத் தமிழர், சீனர், வெளிநாட்டினர், இந்துக்கள் எனப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். 2019இல் அது இளைய பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக அறிவித்ததும் இந்தத் திருநாளை ஒட்டித்தான்.

கிரியான் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே போகின்றன. ஆனால் பயணம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடைகளைச் சுற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவதோடு முடிந்துவிடுகிறது. "அன்னம்மாள் யார், நாம் ஏன் இங்கே வருகிறோம், உன் கொள்ளுப்பாட்டி எந்த வேண்டுதலோடு முதன்முதலில் இங்கே வந்தாள்" என்று காரில் போகும்போது பாட்டி சொன்னால், அதுவே அந்த மாதத்தின் மறைக்கல்வி. குடும்ப வரலாறும் வேதக் கதையும் ஒன்றாகப் பின்னிப்போகும்போது பிள்ளைக்கு அது பாடமாகத் தெரிவதில்லை. தன் வீட்டுக் கதையாகத் தெரிகிறது.

பள்ளி செய்யாது, செய்யவும் முடியாது

சில பெற்றோர் பள்ளியை நம்புகிறார்கள். சட்டத்தைப் பார்த்தால் அதற்கு இடம் குறைவு. முஸ்லிம் மாணவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஸ்லாமியக் கல்வி. மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. 1996 கல்விச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மற்றச் சமயங்களையும் கற்பிக்க இடம் தருகிறது. ஆனால் அரசாங்கப் பணத்தைப் பயன்படுத்த முடியாது, வேறு சமயப் பிள்ளை பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அதில் உட்காரக் கூடாது. எஸ்.பி.எம் தேர்வில் லூக்கா நற்செய்தியையும் திருத்தூதர் பணிகளையும் கொண்ட பைபிள் பாடம் விருப்பப் பாடமாக இருக்கிறது. அது ஆங்கிலத்தில், பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே தயாராக வேண்டிய பாடம்.

நன்னெறிக் கல்வி நல்ல பாடம்தான். நேர்மை, இரக்கம், ஒற்றுமை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் கஷ்டம் வரும்போது யாரிடம் பேசுவது, தப்பு செய்துவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்பதெல்லாம் நன்னெறிப் புத்தகத்தில் வராது. அது வீட்டின் வேலை.

அடுத்த வீட்டுச் சாமி

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள். கிறிஸ்துவர்கள் 6 பேர். அதாவது, ஒரு தமிழ்க் கிறிஸ்துவப் பிள்ளையின் நண்பர்களும் உறவினர்களும் பெரும்பாலும் இந்துக்கள். பல வீடுகளில் அம்மா அல்லது அப்பாவே இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர். தீபாவளிக்கு மாமா வீட்டில் என்ன செய்வது, பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா, பொட்டு வைக்கலாமா என்று பிள்ளை கேட்கும்.

இதற்கு ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. எந்தப் பதிலைச் சொன்னாலும், சொல்லும் விதம் பிள்ளை மனத்தில் தங்கும். "அது பேய், தொடாதே" என்று பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, பள்ளியில் தன் நெருங்கிய தோழியைப் பார்த்து ஒன்று பயப்படும். அல்லது வீட்டில் சொன்னது பொய் என்று முடிவு செய்யும். பதின்ம வயதில் இரண்டாவது நடப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். "பாட்டி அவங்க சாமியை நம்பிக் கும்பிடுறாங்க, நாம இயேசுவை நம்பிக் கும்பிடுறோம், பாட்டி மேல நமக்கு அன்பு உண்டு" என்று அமைதியாகச் சொன்னால் பிள்ளைக்குத் தன் நம்பிக்கையும் தெளிவாகும், உறவும் அறுந்து போகாது. தோட்டத்தில் இரண்டு திருவிழாவுக்கும் போய் வளர்ந்த தலைமுறை தன் நம்பிக்கையை இழந்துவிடவில்லை.

சாதாரணமே போதும்

குணமளிக்கும் கூட்டங்கள், பெரிய அரங்குகள், வலையொளிப் பிரசங்கங்கள் என்று இன்று நம்பிக்கை பெரும்பாலும் நிகழ்ச்சியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அவற்றால் பலன் பெற்றவர்கள் உண்டு. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை நிகழ்ச்சியிலிருந்து கற்பது குறைவு. தினமும் பார்ப்பதிலிருந்து கற்பது அதிகம். சாப்பாட்டுக்கு முன் அப்பா கண்ணை மூடுகிறாரா, அடுத்த வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருக்கும்போது அம்மா சோறு கொண்டுபோகிறாளா, கோபத்தில் கத்திய பிறகு பெற்றோர் மன்னிப்புக் கேட்கிறார்களா என்றுதான் அது பார்க்கிறது. நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் வீட்டை ஒரு சிறு திருச்சபை என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதே கருத்தை எடுத்து, பிள்ளைகளுக்கு நம்பிக்கையின் முதல் அறிவிப்பாளர்கள் பெற்றோரே என்றது.

உறுதிப்பூசுதலோடு பதினைந்து பதினாறு வயதில் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் பங்குகளில் கவலை உண்டு. அந்தப் பிள்ளைகள் பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியதாக நினைக்கிறார்கள். பத்து ஆண்டு வகுப்பாக மட்டுமே நம்பிக்கையைச் சந்தித்தவர்கள், வகுப்பு முடிந்ததும் வெளியேறுவது இயல்பு. அதைத் தடுக்க இன்னும் ஒரு வகுப்பைச் சேர்ப்பதால் பயன் இல்லை.

ஆலயங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. வகுப்பு நாளை உள்ளூர் வேலை நாள்களுக்கு ஏற்ப மாற்றலாம். மாதம் ஒரு வகுப்பைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் வகுப்பாக்கலாம். ஞானப்பெற்றோரை ஞானஸ்நானப் புகைப்படத்தோடு விட்டுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது கூப்பிடலாம். பி.இ.சி கூட்டத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பாமல், அவர்களுக்கும் ஒரு வாசகம், ஒரு பாட்டு என்று பங்கு கொடுக்கலாம். அக்கம்பக்கத்தார் பத்துக் குடும்பம் கூடும் அந்த வீடுதான், லயத்தில் இழந்த துணைக்கு இன்று நம்மிடம் இருக்கும் மிக நெருங்கிய மாற்று.

குடும்பங்கள் செய்ய வேண்டியது இன்னும் சிறியது. ஏழு நாளும் முழு ஜெபமாலை என்று தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். படுக்கப் போகும்போது இரண்டு நிமிடம்: இன்று எதற்கு நன்றி, யாருக்காக ஜெபிக்கலாம், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலை முறை மாறினாலும் இதை அப்பாவோ அம்மாவோ பாட்டியோ நடத்தலாம். வெளியூரில் இருந்தால் கைப்பேசியில்கூட நடத்தலாம். பிள்ளை ஒரு நாள் மறந்து, "இன்னைக்கு நாம ஜெபம் பண்ணலையே" என்று தானாகக் கேட்டால், அந்த வீட்டில் பழக்கம் வேர் விட்டுவிட்டது என்று பெற்றோர் தெரிந்துகொள்ளலாம்.